ரிசீவரின் வேகமும் உடல் அளவும்: டிராஃப்ட்டில் அவை என்ன செய்கின்றன?

2024 மார்ச் 2. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள லூக்கஸ் ஆயில் அரங்கில் நடந்த அமெரிக்கக் கால்பந்துத் தேர்வு முகாமில், டெக்சஸ் பல்கலைக்கழக ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வீரர்) சேவியர் வொர்த்தி 40 கஜம் ஓடினார். முதல் ஓட்டம் 4.25 வினாடி. அதோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்து கோட்டில் மறுபடி கையை ஊன்றிக் குனிந்தார். இந்த முறை 4.21. அந்த முகாமில் அதுவரை பதிவான எந்த நேரத்தையும்விட அது குறைவு.

அடுத்த மாதக் கடைசியில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்ட் நடந்தது. வொர்த்தியின் பெயர் 28ஆவதாக வந்தது. அதற்குள் நான்கு ரிசீவர்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். அவர்களில் முதலில் எடுக்கப்பட்டவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர், ஒட்டுமொத்தத்தில் 4ஆவது இடம். அவர் முகாமில் அந்த 40 கஜத்தை ஓடவே இல்லை.

இதைப் பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "வேகம்தான் எல்லாம், 4.3க்குக் கீழே ஓடினால் முதல் சுற்று நிச்சயம்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் டிவிக்காக நடத்தும் வேடிக்கை, ஆட்டத்தில் யார் 40 கஜம் நேராக ஓடுகிறார்கள்?" என்பது இன்னொன்று. இரண்டு பேச்சும் எனக்கு ஆதங்கத்தைத்தான் தருகின்றன. அந்த எண்கள் உண்மையான வேலை செய்கின்றன. ஆனால் அவை செய்கிற வேலை, நாம் நினைத்துக்கொண்டிருப்பது இல்லை.

ரிசீவர் என்ன செய்கிறார்?

அமெரிக்கக் கால்பந்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும், கையால் எறிந்து பிடிப்பார்கள். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். அவரை ஒட்டியே ஓடித் தடுக்கிற எதிரணிக்காரர் கார்னர்பேக். ரிசீவர் தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. எத்தனை கஜம் நேராகப் போக வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த பாதை இருக்கும். அதற்குப் பெயர் ரூட். நம் பஸ் ரூட் மாதிரியேதான்: வண்டி எங்கே, எப்போது வந்து நிற்கும் என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியும். குவார்ட்டர்பேக்கும் அப்படித்தான், ரிசீவர் வந்து சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டு அவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார்.

ஓடிப்போய் பஸ் பிடித்த அனுபவம் இருந்தால் ரிசீவரின் வேலை பாதி புரிந்துவிடும். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. உங்களோடு இன்னொருவரும் அதே படிக்கட்டுக்காக ஓடுகிறார். முதல் நான்கு எட்டில் முந்த வேண்டும். தோளால் இடித்தால் தடுமாறக் கூடாது. கம்பிக்குக் கை எட்ட வேண்டும். எட்டினால் மட்டும் போதாது, பிடி நழுவக் கூடாது. வேகம், எடை, கை நீளம், உள்ளங்கை அளவு என்று தேர்வாளர்கள் அளக்கிற எல்லாமே இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. கார்னர்பேக்கை விட்டு ரிசீவர் ஏற்படுத்திக்கொள்கிற தூரத்தை இடைவெளி என்று சொல்வோம். ரிசீவரின் உடலில் எதை அளந்தாலும், அது இடைவெளியை உண்டாக்க உதவுமா, அல்லது இடைவெளியே இல்லாதபோது பந்தைப் பிடிக்க உதவுமா என்று தெரிந்துகொள்ளத்தான் அளக்கிறார்கள்.

டிராஃப்டும் கம்பைனும்

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன ஆண்டு மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். எத்தனையாவது இடத்தில் எடுக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து வீரரின் முதல் ஒப்பந்தத் தொகை மாறும். முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே பெரிய பள்ளம்.

அதற்கு முன்னால், பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும் தேர்வு முகாம்தான் கம்பைன். 1982இல் டாம்பாவில் தொடங்கி, 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அழைக்கப்படுகிறார்கள். வெளியே நமக்குத் தெரிவது ஓட்டமும் தாவலும்தான். உள்ளே மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் நடக்கின்றன. முகாம் தொடங்கியதே, ஒரே வீரரை ஒவ்வொரு அணியும் தனித்தனியாக மருத்துவரிடம் அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பரிசோதனையை முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான்.

40 கஜம் எதை அளக்கிறது?

40 கஜம் என்றால் சுமார் 36.6 மீட்டர். ஏன் 40? பழைய காலத்துப் பயிற்சியாளர் பால் பிரவுன், உயரே உதைத்த பந்து போய் விழும் தூரத்தை வைத்து இந்த அளவைப் பிடித்தார் என்று சொல்வார்கள்.

4.4க்கும் 4.6க்கும் 0.2 வினாடிதான் வித்தியாசம். கண் இமைக்கிற நேரம். அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால்தான் அதன் கனம் தெரியும். 40 கஜத்தின் முடிவில் ஒரு ரிசீவர் வினாடிக்கு ஏறக்குறைய 10 கஜம் போய்க்கொண்டிருப்பார். அப்படியென்றால் 0.2 வினாடி என்பது 2 கஜம், அதாவது 6 அடி. ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. கார்னர்பேக்கின் விரல் பந்தில் படுவதற்கும், அவர் பின்னாலிருந்து முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. "டிவி வேடிக்கை" கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே சமயம், ஆட்டத்தில் பெரும்பாலான எறிதல்கள் 20 கஜத்துக்குள்ளேயே வந்து விழுகின்றன. குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து இரண்டரை, மூன்று வினாடிதான் இருக்கும். அதனால் அனுபவமுள்ள தேர்வாளர்கள் மொத்த நேரத்தோடு முதல் 10 கஜத்தின் நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். பஸ்ஸுக்கு ஓடும்போது நான் சொன்ன "முதல் நான்கு எட்டு" இதுதான். கடைசி 20 கஜத்தின் வேகம் தூரமாகப் போகும் பந்துகளுக்கு வேண்டும். முதல் 10 கஜத்தின் வேகம் எல்லாப் பந்துகளுக்கும் வேண்டும்.

நேரம் எடுக்கும் முறையிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒலிம்பிக் ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். சத்தம் காதில் விழுந்து கால் நகரும்வரை ஆகும் நேரமும் கணக்கில் சேரும். கம்பைனில் சத்தமே கிடையாது. வீரர் எப்போது தயாரோ அப்போது கிளம்பலாம். அவர் உடல் அசைந்ததைப் பார்த்து ஒருவர் பொத்தானை அமுக்குவார், முடிவுக் கோட்டில் கருவி நேரத்தை நிறுத்தும். அதனால் கம்பைன் நேரத்தை ஒலிம்பிக் நேரத்தோடு ஒப்பிடவே முடியாது. பல்கலைக்கழகங்கள் தங்கள் மைதானத்திலேயே அணிகளுக்காக நடத்தும் ஓட்ட நாளில் பலர் கைக்கடிகாரத்தில் நேரம் எடுப்பார்கள். ஆள் கிளம்பிய பிறகுதான் விரல் அமுக்கும், முடிவிலோ ஆள் வருவது முன்பே தெரிவதால் சரியான நொடியில் அமுக்கிவிடும். அதனால் அங்கே கிடைக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்சம் அழகாகவே இருக்கும். ஒரே வீரருக்கு இரண்டு எண்களைப் பார்த்தால், எது எங்கே எடுத்தது என்று கேளுங்கள்.

இதுவரை பார்த்தது: 0.1 வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கஜம் இடைவெளி. அது நிஜமான லாபம். ஆனால் நேராக ஓடும்போது மட்டும் கிடைக்கிற லாபம்.

6015 என்றால் என்ன?

தேர்வாளர்களின் தாளில் உயரம் நான்கு இலக்கமாக எழுதப்பட்டிருக்கும். 6015 என்றால் 6 அடி, 01 அங்குலம், அப்புறம் எட்டில் 5 பங்கு. அரை அங்குலம்கூட இல்லை, எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரைக்கும் அளக்கிறார்கள். கல்லூரிகள் தங்கள் வீரரின் உயரத்தைத் தாராளமாகவே எழுதுவது வழக்கம் என்பதால், எல்லோரையும் காலணி இல்லாமல் ஒரே சுவரில் நிறுத்தி அளக்கும் அந்தக் காலைப்பொழுதில் பல பேருடைய ஒரு அங்குலம் காணாமல் போய்விடும்.

உயரத்தோடு கை நீளமும் அளக்கப்படும். உயரம், கை நீளம், நின்ற இடத்திலிருந்து மேலே தாவும் உயரம், இந்த மூன்றும் சேர்ந்து ரிசீவரைச் சுற்றி ஒரு வட்டம் போடுகின்றன. பந்து அந்த வட்டத்துக்குள் எங்கே வந்தாலும் அவர் தொடலாம். இதை எட்டும் வட்டம் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் பெரிதாக இருந்தால் குவார்ட்டர்பேக் கொஞ்சம் தவறாக எறிந்தாலும் காரியம் கெடாது. டேவான்டே ஆடம்ஸ் 2014இல் 4.56 வினாடி ஓடினார், அதில் யாரும் வியக்கவில்லை. ஆனால் 39.5 அங்குலம் தாவினார். 53ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு, லீக்கின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவரானார்.

உள்ளங்கையைக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்து அளப்பார்கள், நாம் சாண் அளப்பதைப் போலவே. ரிசீவர்களுக்குப் பெரும்பாலும் 9லிருந்து 10 அங்குலத்துக்குள் வரும். நல்ல பிடி என்பது பெரும்பாலும் பந்தைக் கண்ணால் பின்தொடர்வதிலும் பழக்கத்திலும் இருக்கிறது. அதனால் இந்த அளவுக்கு நான் அதிக மதிப்பு தரமாட்டேன்.

எடைதான் சுவாரசியமான விஷயம். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கஜத்துக்குள் கார்னர்பேக் ரிசீவரைக் கையால் தள்ளலாம், இடிக்கலாம். விதி அனுமதிக்கிறது. இப்படி முகத்துக்கு நேரே நின்று மறிப்பதற்குப் பெயர் பிரெஸ். 75 கிலோ வீரரை அங்கே நிறுத்தித் தள்ளிவிட்டால் ரூட்டே கலைந்துவிடும், குவார்ட்டர்பேக் கணக்கிட்ட இடத்தில் ஆள் இருக்கமாட்டார். மெலிந்த ரிசீவர் என்றதும் அணிகள் தயங்குவதற்குக் காரணம் இந்த 5 கஜம்தான். பிடித்த பிறகு வாங்கும் அடி, அதனால் வரும் காயம் என்ற பயமும் உண்டு. வொர்த்தி 28ஆவது இடம்வரை காத்திருந்ததில் அவருடைய 165 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ எடைக்கு ஒரு பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் டெவான்டா ஸ்மித்தைப் பாருங்கள். 2021இல் அவருடைய எடை 166 பவுண்டு. ஓட்டமும் ஓடவில்லை. இருந்தும் 10ஆவது இடத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. காரணம், அலபாமா பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய பருவத்தில் அவர் பந்தைப் பிடித்து மொத்தம் 1,856 கஜம் எடுத்து, கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வாங்கியிருந்தார். பிரெஸ் செய்ய வந்தவர்களிடமிருந்து அவர் எப்படி நழுவுகிறார் என்பது அத்தனை ஆட்டங்களின் பதிவிலும் இருந்தது. ஒரு கேள்விக்கு ஆட்டமே பதில் சொல்லிவிட்டால், அளவுகோலுக்கு அங்கே அதிக வேலையில்லை.

திரும்பும் வேகம்

சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடும்போது நேராக ஓடியவர்களைப் பிடித்துவிடலாம். தூணைச் சுற்றிச் சுற்றி ஓடியவர்களைத்தான் பிடிக்க முடியாது. கபடியில் பாடிப் போகிறவர் தப்புவதும் இப்படித்தான். நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுப்பது தனித் திறமை. நேர் வேகத்தோடு அது சேர்ந்தே வரும் என்று சொல்ல முடியாது.

இதை அளக்க மூன்று கூம்புகளை 5 கஜ இடைவெளியில், நம்முடைய 'ட' எழுத்து போல வைத்து, அவற்றைச் சுற்றி ஓடவிடுவார்கள். மூன்று கூம்பு ஓட்டம் என்று பெயர். 7 வினாடிக்குக் கீழே முடித்தால் நல்ல நேரம்.

2019இல் டி.கே. மெட்காஃப் வந்தார். 6 அடி 3 அங்குலம், 228 பவுண்டு, அதாவது சுமார் 103 கிலோ. அந்த உடம்போடு 40 கஜத்தை 4.33இல் ஓடினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் கூம்பு ஓட்டம்: 7.38. வேகத்துக்குப் பெயர் வாங்காத குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000இல் எடுத்த நேரத்தைவிட அது மோசம் என்று எல்லோரும் பேசினார்கள். கல்லூரியில் கழுத்தில் பட்ட காயமும் கணக்கில் இருந்தது. முதல் சுற்றில் போவார் என்று பலர் நினைத்தவர், இரண்டாம் சுற்றின் கடைசியில் 64ஆவதாக சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போனார்.

அந்த 7.38 பொய் சொல்லவில்லை. மெட்காஃப் சட்டென்று வெட்டித் திரும்பும் ரூட்டுகளுக்கு ஏற்றவர் இல்லை. ஆனால் சியாட்டில் அவருக்குத் தொடக்கத்தில் அதிகம் கொடுத்தது, நேராகக் கிழித்துக்கொண்டு போகும் ரூட்டுகளும் ஒரே வெட்டில் உள்ளே வரும் ரூட்டுகளும்தான். இரண்டாவது பருவத்திலேயே 1,303 கஜம். எண் சொன்ன குறையும் உண்மை, அதைச் சுற்றி வேலையைப் பிரித்துக் கொடுத்த அணியின் புத்தியும் உண்மை.

இதுவரை பார்த்தது: நேர் வேகம் ஒன்று, திரும்பும் வேகம் வேறு. ஒருவருக்கு எது இருக்கிறதோ அதற்கேற்ற வேலையைத் தருகிற அணியிடம் அவர் போய்ச் சேர வேண்டும்.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

பைக்கில் 80இல் போவது பெரிய விஷயமில்லை. பாரம் ஏற்றிய லாரி அதே 80இல் போனால் எல்லோரும் ஒதுங்குவார்கள். ரிசீவரின் வேகத்தையும் அவருடைய எடையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கால்வின் ஜான்சன் 2007இல் 6 அடி 5 அங்குல உயரமும் 108 கிலோ எடையும் வைத்துக்கொண்டு 4.35 ஓடினார். அந்த மூன்று எண்ணும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் அதிசயம். டெட்ராய்ட் லயன்ஸ் அவரை 2ஆவது இடத்தில் எடுத்தது. 2012இல் ஒரே பருவத்தில் 1,964 கஜம் எடுத்தார், அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. குள்ளமாக இருப்பவர் என்றால், வேகம் இருந்தாலும் அணிகள் தயங்கும். 5 அடி 9 அங்குல ஸ்டீவ் ஸ்மித் (கிரிக்கெட் வீரர் வேறு, இவர் கரோலினா பாந்தர்ஸ் ஆட்டக்காரர்) 2001இல் 74ஆவது இடம்வரை காத்திருந்தார். 2005இல் பிடிகள், கஜம், டச்டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம் அல்லது முதலிடத்தில் பங்கு அவருக்கு. டச்டவுன் என்பது பந்தோடு எதிரணியின் கடைசி எல்லைக்குள் போய் எடுக்கும் புள்ளி.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். 32 அணிகளில் ஒரு அணிக்குப் பிடித்தால் போதும். அப்போது ஓக்லண்ட் ரெய்டர்ஸ் உரிமையாளராக இருந்த ஆல் டேவிஸுக்கு வேகத்தின் மேல் தீராத மோகம். 2009இல் 4.30 ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை 7ஆவது இடத்தில் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த ரிசீவர் என்று பெரும்பாலோர் சொன்ன மைக்கேல் கிராப்ட்ரீ, காலில் அடிபட்டு ஓட முடியாமல் போனவர், 10ஆவதாகப் போனார். வேறு யாராவது 7ஆவது இடத்தில் இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கும்.

அளவுகள் ஏணியா, வாசலா?

மிகப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். நேரத்தை ஒரு ஏணியாக நினைக்கிறோம்: 4.5ஐவிட 4.4 ஒரு படி மேலே, 4.4ஐவிட 4.3 இன்னொரு படி மேலே என்று. அணிகள் அதைப் பெரும்பாலும் ஒரு வாசலாகத்தான் பயன்படுத்துகின்றன. காவலர் தேர்வில் உயரம் அளப்பதை நினைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால், இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பதால் யாரும் நல்ல காவலர் ஆகிவிடுவதில்லை.

ரிசீவருக்கு அந்த வாசல் 4.6ஐ ஒட்டி இருக்கிறது என்று சொல்லலாம். ஆளின் உடலமைப்பைப் பொறுத்து முன்னே பின்னே நகரும். அதைத் தாண்டி உள்ளே வந்தவரைப் பற்றித் தேர்வாளர் பார்ப்பது ஆட்டப் பதிவுகளை. அங்கே பார்த்தது கம்பைன் எண்ணோடு ஒத்துப்போனால் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முரண்பட்டால் மறுபடி உட்கார்ந்து பதிவைப் போட்டுப் பார்ப்பார். இவ்வளவு வேகமுள்ளவர் ஏன் ஆட்டத்தில் இடைவெளி எடுக்கவில்லை? இவ்வளவு மெதுவாக ஓடுகிறவர் எப்படி எப்போதும் தனியாக நிற்கிறார்? எண்ணின் உண்மையான பயன் இந்த இரண்டாவது பார்வைதான் என்பது என் எண்ணம்.

வாசலுக்கு வெளியே நின்று ஜெயித்தவர்கள் உண்டு. ஆன்குவான் போல்டின் 4.7க்கு மேல் ஓடினார், 2003இல் 54ஆவதாகப் போனார், முதல் ஆட்டத்திலேயே 217 கஜம் எடுத்தார். "பார்த்தீர்களா, வேகமே வேண்டாம்" என்று சொல்ல இந்தப் பெயர் உடனே கைக்கு வரும். ஆனால் 4.7 ஓடி, எந்த அணியும் கூப்பிடாமல், ஊருக்குத் திரும்பி வேறு வேலைக்குப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆறு ஆழமில்லை என்று சொல்லக் கூடாது.

2017: இரண்டு ரிசீவர்கள்

அந்த ஆண்டு வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கம்பைனுக்கு வந்த இரண்டு ரிசீவர்களைப் பார்ப்போம். ஒருவர் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ். 4.22 ஓடினார். வொர்த்தி வரும்வரை சாதனை அவருடையதுதான். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 17 டச்டவுன் பிடித்தவர் என்பதால் வெறும் ஓட்டக்காரர் என்று தள்ளவும் முடியாது. சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆவது இடத்தில் எடுத்தது.

மற்றவர் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கூப்பர் கப். கல்லூரியில் மொத்தம் 6,464 கஜம் எடுத்தவர், ஆனால் ஒரு படி கீழான பிரிவில். எதிரே நின்றவர்கள் எவ்வளவு வலுவானவர்கள் என்ற சந்தேகம் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கம்பைன் எண் மிகவும் கனக்கும். அவர் ஓடியது 4.62. வாசலின் சட்டத்தில் தோள் உரசிய நேரம். கூம்பு ஓட்டத்தில் மட்டும் 6.75, மிக நல்ல நேரம். மூன்றாம் சுற்றில், 69ஆவது இடத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் எடுத்தது.

ராஸ் முதல் பருவத்தில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. கல்லூரியிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், தொழில்முறையிலும் காயங்கள் விடவில்லை. நான்கு பருவம் முடிந்ததும் சின்சினாட்டியை விட்டுக் கிளம்பினார். அவர் தோற்றதற்கு வேகம் காரணமில்லை. காயத்திலிருந்து அந்த வேகத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

கப் 2021இல் 145 பிடிகள், 1,947 கஜம், 16 டச்டவுன் என்று மூன்றிலும் முதலிடம். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி 2022 பிப்ரவரி 13 அன்று நடந்தது. எதிரணி, அன்று 9ஆவதாக ராஸை எடுத்த அதே சின்சினாட்டி. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் 25 வினாடி இருக்கும்போது ராம்ஸ் பின்தங்கியிருந்தது. பந்து எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே. கப் கோட்டில் நின்றார், எட்டு வைத்தார், தலையைத் திருப்பினார். பந்து ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20.